வெயிலா, மாத்திரையா, ஊசியா? கருத்தரிக்கும் வயதில் வைட்டமின் டி குறைவுக்கு எந்த வழி யாருக்குப் பொருந்தும்

சென்ற மார்கழியில் என் தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளுடன் வீட்டுக்கு வந்தாள். திருமணமாகி ஓராண்டு முடிந்து, குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பிறகு, அதற்கு முன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று எடுத்த பரிசோதனை அது. சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருந்தன. வைட்டமின் டி என்ற வரியில் மட்டும் ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருந்தது. "காலையில ஆறரை மணிக்கு மாடியில போய் நில்லு, இளவெயில் பட்டாத் தானா ஏறிடும்" என்றார் அம்மா. அலுவலகத் தோழி ஒருத்தி, ஒரே ஊசியில் வேலை முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். தெருமுனை மருந்துக் கடையிலோ, வாரம் ஒன்று விழுங்கும் காப்ஸ்யூல் அட்டையை மருந்துச் சீட்டுக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு எழுதும் வாசகியர் பலரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். வெயில் போதாதா, மாத்திரை எவ்வளவு நாள், ஊசி போட்டுக்கொள்ளலாமா, கர்ப்பமாக இருக்கும்போது எது ஆபத்தில்லாதது என்று கேட்கிறார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துப் பார்க்க வேண்டிய வழிகள் அல்ல என்பதும், ஒவ்வொன்றுக்கும் உரிய காலமும் உரிய ஆளும் வேறு என்பதும்தான் என் கருத்து. அதை விளக்க, முதலில் இந்தச் சத்து இந்த வயதில் எதற்காக என்று பார்த்துவிட வேண்டும்.

## இந்த வயதில் ஏன் கவனிக்க வேண்டும்

நாம் உண்ணும் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். வயிற்றில் வளரும் குழந்தை, பிறப்பதற்குள் ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தைத் தன் எலும்புக்காகச் சேர்த்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து போகிறது. பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் இருக்கும் வைட்டமின் டி முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போனதுதான். லக்னோவில் 207 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 84 சதவீதம் பேருக்கு 22.5 நானோகிராமுக்குக் குறைவாகவே இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தின் அளவும் தாயின் அளவை ஒட்டியே தாழ்ந்திருந்தது. தாய்க்குக் குறைவு மிகக் கடுமையாக இருந்தால், பிறந்த குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரும் நிலையும் உண்டு.

லக்னோ வடக்கே இருக்கிறது, குளிர்காலத்தில் பனிமூட்டம் சூழும் ஊர், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். சென்னையின் அட்சரேகையிலேயே உள்ள திருப்பதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அங்கேயும் பெரும்பாலான பெண்களிடம் குறைவே காணப்பட்டது. வெயில் இருப்பது வேறு, வெயில் தோலில் படுவது வேறு. நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின், தோலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் புறஊதா பி கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. சுடிதாரும் துப்பட்டாவும் அணிந்து, முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போய், குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு வெயிலால் ஒரு பயனும் இல்லை. அரிசியையும் பருப்பையுமே நம்பி, பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடும் வழக்கத்தில் கால்சியம் குறைந்து, கால்சியம் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற, தானியங்களிலுள்ள பொருள் மிகும்போது, உடம்பு தன்னிடமுள்ள வைட்டமின் டி-யையும் வேகமாகச் செலவழிக்கிறது. கால்சியத்தை மறந்துவிட்டு வைட்டமின் டி-யை மட்டும் பேசுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகளை நான் அளவுகோலாக வைக்கிறேன். இந்த வழியில் ரத்த அளவு நிச்சயமாக ஏறுமா? எவ்வளவு நாளில் ஏறும்? கர்ப்பம் தரித்தால், அல்லது தெரியாமலேயே தரித்திருந்தால், ஆபத்து உண்டா? பணத்தோடு நேரம், பிறர் பார்க்காத தனியிடம், தோல் என்று வேறு எதை விலையாகக் கேட்கிறது? மாதக்கணக்கில் தொடர முடியுமா?

எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பதில் மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் மருத்துவ அறிவியல் கழகம் பத்தாண்டுகளுக்கு மேலாக 20 நானோகிராம் போதும் என்கிறது. எண்டோகிரைன் சொசைட்டி என்ற மருத்துவ அமைப்பு 2011-இல் 30 வேண்டும் என்று சொல்லி, 2024-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அந்த 30 என்ற இலக்கைக் கைவிட்டது. நம் ஆய்வகத் தாள்கள் பலவற்றில் பழைய 30 என்ற கோடே இன்னும் அச்சாகிறது. 24 என்று வந்த தாளைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை; 12-க்குக் கீழே வந்தால் அலட்சியமும் கூடாது.

| வழி | அளவு ஏறும் உறுதி | வேகம் | கர்ப்ப காலத்தில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வெயில் | ஆளுக்கு ஆள் மாறும் | மாதங்கள் | பாதுகாப்பானது. கோடை வெப்பத்தில் கவனம் | நேரம், தனியிடம், முகத்தில் மங்கு |
| உணவு, செறிவூட்டிய பால், எண்ணெய் | குறைவு | மிக மெது | பாதுகாப்பானது; மீன் ஈரல் எண்ணெய் தவிர | தனியாக நின்று போதாது |
| தினசரி மாத்திரை | நன்று | ஏறத்தாழ 3 மாதம் | மிகப் பொருத்தமானது | மறதி. பல மாத்திரைகளில் ஒரே சத்து |
| வாராந்திர 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) காப்ஸ்யூல் | மிக நன்று | 8 வாரம் | மருத்துவர் சொன்னால் மட்டும் | நிறுத்தாமல் தொடர்வது, தவறாக எண்ணுவது |
| ஊசி | மாறுபடும், மெதுவாக | மெதுவாகத் தொடங்கி நீண்ட நாள் | பொதுவாகத் தவிர்ப்பது நல்லது | போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது |

## வெயில்

செலவில்லாதது, அளவுக்கு மீறி விஷமாகாதது. இவை வெயிலின் இரு பெரிய பெருமைகள். தோலில் உருவாகும் வைட்டமின் டி அளவு கடந்தால், மிகுதியை அதே வெயில் சிதைத்துவிடுகிறது. ஆகவே வெயிலில் நின்று யாருக்கும் வைட்டமின் டி நஞ்சானதில்லை.

ஆனால் நம் வீடுகளில் சொல்லப்படும் காலை இளவெயிலால் இந்தக் காரியம் நடப்பதில்லை. வைட்டமின் டி உருவாக்கும் புறஊதா பி கதிர், சூரியன் தாழ்ந்திருக்கும்போது காற்று மண்டலத்தின் நீண்ட வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, ஆண்டு முழுவதும் காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரையே இந்த உருவாக்கம் உச்சத்தில் இருப்பதைக் காட்டியது. இதை வீட்டிலேயே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால்தான் அந்த வெயில் உதவும். தங்கையை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்ப் பார்த்தேன். மார்கழிக் காலை எட்டு மணிக்கு அவள் நிழல் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரில் ஏறி மடிந்திருந்தது. பத்தரை மணி அளவில்தான் அது அவள் உயரத்துக்கு வந்தது. சித்திரையிலானால் ஒன்பது மணி கடந்ததுமே அந்த நிலை வந்துவிடும். அம்மா சொன்ன ஆறரை மணி வெயில் உடம்புக்கு இதம், மனதுக்கு நல்லது; வைட்டமின் டி கணக்கில் அதற்கு இடமில்லை.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் என்று எங்கும் எழுதப்படுவது வெள்ளைத் தோலுக்கான கணக்கு. புணேயில் ஆண்களிடையே நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பட்டவர்களே 20 நானோகிராமைத் தாண்டி நின்றார்கள். வேலைக்கிடையே நடப்பதும் நிற்பதுமாகச் சேர்ந்த நேரம் அது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு மணி நேரம் வாய்க்கும்? அடுக்ககத்தில் மாடிக் கதவு பூட்டியிருக்கிறது. முழங்கையும் காலும் தெரிய நடுப்பகலில் வெளியே நிற்க, தெருவில் கண்கள் உறுத்தாத ஒரு மூலை வேண்டும். வற்றலும் வடகமும் காயவைத்துக் காவலிருந்த பாட்டிமாருக்கு அந்த மூலை வீட்டிலேயே இருந்தது. இன்று "கறுத்துடுவே, உள்ள வா" என்ற குரலைக் கேட்காமல் பத்து நிமிடம் வெயிலில் நின்ற இளம்பெண் அரிது. ஒரு பெண்ணின் எலும்பைவிட அவள் நிறம் பெரிதாக எண்ணப்படுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

தோல் பற்றிய உண்மையான சிக்கல் ஒன்றும் உண்டு. கர்ப்ப காலத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் வரும் மங்கு வெயிலால் அடர்ந்துவிடும். முகம் உடற்பரப்பில் மிகச் சிறிய பகுதிதான் என்பதால், முகத்துக்கு நிழல் கொடுத்துவிட்டுக் கைகளையும் கால்களையும் வெயிலில் காட்டினால் இழப்பு பெரிதில்லை. தலையில் ஒரு துண்டோ குடையோ போதும். கத்திரி வெயில் நாட்களில் கர்ப்பிணிகள் நடுப்பகலில் நிற்பது உடல் வெப்பத்தையும் நீரிழப்பையும் கூட்டும் என்பதால் அப்போது இந்த வழியை விட்டுவிட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் சூடு தருமே தவிர புறஊதா பி கதிரை உள்ளே விடாது. காரிலும் அலுவலகத்திலும் ஜன்னலோரம் உட்காருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆக, வயலிலும் கட்டட வேலையிலும் நடைபாதை வியாபாரத்திலும் இருக்கும் பெண்ணுக்கும், தோட்டமோ மாடியோ தன் வசம் உள்ளவருக்கும், ஏற்கெனவே 20-ஐ எட்டிவிட்டவருக்கும் வெயில் நல்ல வழி. 11 என்று தாளில் வந்து, மூன்று மாதத்தில் கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு அதை மட்டும் சொல்லி அனுப்புவது சரியாகாது.

## உணவும், செறிவூட்டிய பாலும் எண்ணெயும்

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெண்ணுக்கு, கர்ப்பிணி உட்பட, நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு வேண்டும். மருந்து அட்டைகளில் இதை ஐ.யு. என்று போடுவார்கள், மைக்ரோகிராமில் போட்டிருந்தால் 40-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 40 ஐ.யு. உண்டு. நீல நிறக் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் அச்சிட்ட செறிவூட்டிய பாலில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யு.; கால் லிட்டர் குடித்தால் 50 முதல் 75. அதே முத்திரை உள்ள சமையல் எண்ணெயில் 25 கிராமுக்கு 110 முதல் 160. இரண்டு முட்டை, கால் லிட்டர் பால், ஒரு நாள் எண்ணெய் எல்லாம் சேர்ந்து 240 முதல் 315 வரை வருகிறது. அதாவது தேவையில் ஏறத்தாழப் பாதி. மத்தியும் அயிலையும் குழம்பில் வரும் நாட்களில் கணக்கு நன்றாக ஏறும். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் மீனை நாள்தோறும் உண்ணும் வீட்டுக்கும், சைவ வீட்டுக்கும் இந்த வழி ஒன்றாக இருக்காது. வெயிலில் காயவைத்த காளான் சைவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இயற்கை மூலம் என்று சொல்லலாம்.

உணவால் குறைவை நிரப்ப முடியாது. நிரப்பியதைக் காக்க முடியும். செக்கு எண்ணெயே நல்லது என்று மாறிய வீடுகளில், செறிவூட்டிய எண்ணெயால் வந்துகொண்டிருந்த பங்கும் நின்றுபோகிறது. மாறுவது அவரவர் விருப்பம், கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மீன் ஈரல் எண்ணெய் காப்ஸ்யூலில் வைட்டமின் ஏ-யும் மிகுந்திருக்கிறது. மிகுதியான வைட்டமின் ஏ கருவை ஊனப்படுத்தக்கூடியது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணும் கர்ப்பிணியும் அதைத் தொடக் கூடாது.

## தினசரிச் சிறு அளவு மாத்திரை

கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 400 முதல் 2,000 ஐ.யு. வரை பல அளவுகளில் கிடைக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த நாளொன்றுக்கான மேல் எல்லை 4,000 ஐ.யு. என்பதால், கரு உருவானது தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தாலும் அச்சமில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகமும் குறைவுள்ள கர்ப்பிணிக்கு 1,000 முதல் 2,000 வரை பாதுகாப்பானது என்கிறது. நாள்தோறும் எடுக்கும் 1,000 ஐ.யு., இரண்டு மூன்று மாதங்களில் ரத்த அளவை ஏறத்தாழ 7 முதல் 10 நானோகிராம் வரை உயர்த்தும் என்பது பொதுவான அனுபவக் கணக்கு. உடல் எடை மிகுந்தவர்களுக்கு இது குறையும், இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14-ஆவது வாரத்திலிருந்து கொடுக்கும் கால்சியம் மாத்திரையிலேயே இந்தச் சத்து உண்டு. மத்திய அரசின் 2014 வழிகாட்டிப்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 ஐ.யு. வைட்டமின் டி3-யும் உள்ளன. நாளுக்கு இரண்டு, பிள்ளை பெற்ற பின் ஆறு மாதம் வரை. ஒழுங்காக விழுங்கினாலே 500 ஐ.யு. வந்துவிடுகிறது. இலவசமாகத் தருவதால் அதன் மதிப்பு தெரியாமல், அட்டை பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையோடு இதைச் சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பைத் தடுக்கும். கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பை இரண்டு மணி நேரம் தள்ளியும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் மறைந்த செலவு, எண்ணாமல் விடுவது. கால்சியம் மாத்திரையில் கொஞ்சம், மல்டிவைட்டமின் மாத்திரையில் கொஞ்சம், தனி வைட்டமின் டி மாத்திரை ஒன்று என்று ஒரே சத்து மூன்று அட்டையில் வருவதுண்டு. வைட்டமின் டி3-யின் மருந்துப் பெயரான கோலெகால்சிஃபெரால் என்ற சொல்லை ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் தேடி, எண்களைக் கூட்டிப் பார்த்துவிட வேண்டும். மறதி அடுத்த குறை. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் எடுக்காமல், நெய்யோ எண்ணெயோ உள்ள மதியச் சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும், மறதியும் குறையும்.

## வாராந்திர 60,000 காப்ஸ்யூல்

இந்தியாவில் வைட்டமின் டி என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இந்தக் காப்ஸ்யூலோ பாலில் கலக்கும் தூள் பாக்கெட்டோதான். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்பது பழகிய முறை. நாள் கணக்கில் வகுத்தால் ஏறத்தாழ 8,570 ஐ.யு. வருகிறது, மேல் எல்லையான 4,000-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். எனவே இது குறைவை நிரப்பும் சிகிச்சை. முடிவு தேதி இல்லாமல் தொடங்கக் கூடாத சிகிச்சை. 12-க்குக் கீழே உள்ளவருக்கும், இடுப்பெலும்பும் தொடையும் வலித்துக் குந்தி எழ முடியாமல் போனவருக்கும், நாள்தோறும் மாத்திரை விழுங்குவது நடக்காது என்று தன்னைத் தெரிந்தவருக்கும் இதைப் போலப் பயன்தருவது வேறில்லை. விலையும் அதிகமில்லை.

இதன் ஆபத்தை நான் நேரில் பார்த்தேன். உறவுக்காரப் பெண் ஒருவர் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பிறகு வாந்தி என்று வாரக்கணக்கில் அவதிப்பட்டார். வாந்தி என்றதும் கர்ப்பமோ என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். மருத்துவமனையில் ரத்தக் கால்சியம் மிகவும் ஏறியிருப்பதாகச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அவர் கைப்பையிலிருந்த காப்ஸ்யூல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிநிறத் தாளின் மேல் நீலப் பேனாவால் 1-0-0 என்று எழுதியிருந்தது. வாரம் என்ற சொல் எங்கும் இல்லை. காலையில் ஒன்று என்று நினைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் விழுங்கியிருக்கிறார். மொத்தம் 18 லட்சம் ஐ.யு. எழுதியவர் யார் என்பதை இங்கே பேசுவது என் நோக்கமில்லை. அவர் மீண்டு வந்தார். அன்றிலிருந்து யார் இந்த அட்டையை வாங்கினாலும், "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

கர்ப்ப காலத்தில் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது. மருத்துவர் காரணம் சொல்லிக் கொடுத்தால் எடுக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். காசநோய்க் கட்டிகள் தாமாகவே வைட்டமின் டி-யை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றி, ரத்தக் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடியவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தோ இதற்கு எதிராக வைட்டமின் டி அளவைக் குறைக்கும். இரண்டும் ஒரே நோயாளியிடம் நடப்பதால் ஊகித்து மருந்து எடுக்க இடமில்லை.

## ஊசி

இடுப்பில் போடும் எண்ணெய் ஊசியில் 3 லட்சம் அல்லது 6 லட்சம் ஐ.யு. இருக்கும். குடல் உறிஞ்சாத நோய் உள்ளவருக்கும், எடைகுறைப்புக்காகக் குடல் அறுவை செய்துகொண்டவருக்கும் இது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு இதில் எந்த மேன்மையும் எனக்குத் தெரியவில்லை. தசையிலிருந்து மெதுவாகக் கசிவதால் வாய்வழி மருந்தைவிட விரைவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த 2,256 பெண்களிடம், ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் ஐ.யு. வாய்வழியாகக் கொடுத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விழுதலும் எலும்பு முறிவும் கூடியே இருந்தன. இளம்பெண்களுக்கும் அதே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே மூச்சில் ஏற்றுவது நல்லது என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. அடுத்த மாதமே கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு, போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாத ஒன்றை நான் சொல்ல மாட்டேன்.

## பரிசோதனை எடுத்துவிட்டுத் தொடங்குவதா?

பல தனியார் ஆய்வகங்களில் இந்த ஒரு பரிசோதனைக்கே ஆயிரம் ரூபாயைத் தொட்டும் தாண்டியும் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பல மாதத்துக்கான தினசரி மாத்திரை வாங்கிவிடலாம். எண்டோகிரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டி, நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்றும், கர்ப்பிணிகள் பரிசோதிக்காமலேயே வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் அவ்வளவு தூரம் போகவில்லை. எல்லாக் கர்ப்பிணிக்கும் என்று பரிந்துரைக்காமல், குறைவு இருக்கும் என்று தோன்றுபவருக்கு மட்டும் நாளுக்கு 200 ஐ.யு. என்று நிறுத்திக்கொள்கிறது. டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வைட்டமின் டி கொடுத்தும் குழந்தையின் வளர்ச்சி கூடவில்லை. ஆகவே இந்த மாத்திரையால் பெரிய, புத்திசாலிக் குழந்தை பிறக்கும் என்று யார் விற்றாலும் நம்ப வேண்டாம். தாயின் எலும்புக்கும், பிறந்த குழந்தையின் கால்சியத்துக்கும் குறைவு வராமல் காப்பதே இதன் வேலை.

வலிப்பு மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர், எலும்பு வலியோ தசைத் தளர்ச்சியோ உள்ளவர், சிறுநீரகம், கல்லீரல், குடல் நோய் உள்ளவர் ஆகியோர் பரிசோதித்தே தொடங்க வேண்டும். வெளிநாட்டுத் தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் அலகைப் பார்க்க வேண்டும்: லண்டனில் நானோமோல் கணக்கில் 40 என்று வருவது நம் ஊர்க் கணக்கில் 16-தான்.

## எந்த நிலையில் எது

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு மூன்று மாத அவகாசம் இருந்தால், அதுவே எல்லாவற்றிலும் நல்ல காலம். உடம்பில் இந்தச் சத்தின் அளவு நிலைகொள்ள அவ்வளவு நாள் ஆகிறது. என் தங்கைக்கு அவள் மருத்துவர் எட்டு வாரக் காப்ஸ்யூலும், அதன் பின் நாள்தோறும் 1,000 ஐ.யு. மாத்திரையும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 29 இருந்தது. 12-க்கும் 20-க்கும் இடையில் உள்ளவருக்குக் காப்ஸ்யூல் இல்லாமல் தினசரி மாத்திரையே போதும் என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர் அரசு கால்சியம் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் விழுங்குவதிலிருந்து தொடங்கட்டும். அதற்கு மேல் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

திருப்பூரில் பின்னலாடை ஆலையில் காலையில் நுழைந்து இருட்டிய பின் வெளியே வரும் பெண்ணுக்கு, மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் பயனுள்ள வெயில் நேரம். சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளேயே உட்காராமல் முற்றத்தில் வெயில் படும் இடத்தில் கால்மணி நேரம் உட்கார முடிந்தால் நல்லது; முடியாவிட்டால் மாத்திரைதான். வீட்டுத் திண்ணையின் நிழலில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், பர்தா அணியும் பெண்ணுக்கும், இரவுப் பணி பார்த்துப் பகலில் உறங்கும் மென்பொருள் ஊழியருக்கும் மாத்திரையே நேரான வழி. வெயிலில் நிற்கவில்லை என்ற குற்றவுணர்வை இவர்களில் யார் மேலும் ஏற்ற வேண்டியதில்லை.

லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் நம் பெண்கள், அக்டோபரிலிருந்து மார்ச் வரை எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் போதிய வைட்டமின் டி உருவாகாது என்பதை அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளுக்கு 400 ஐ.யு. என்று அரசே சொல்கிறது. தெற்காசியத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

பாலூட்டும் தாய்மாரின் கேள்வி சற்று வேறு. தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவாகவே இறங்குகிறது. தாய் நாளொன்றுக்கு 6,400 ஐ.யு. எடுத்தால் பாலிலேயே குழந்தைக்குப் போதிய அளவு கிடைக்கும் என்று அமெரிக்காவில் 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது நம் மேல் எல்லையைத் தாண்டிய அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்வதுபோல், பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை குழந்தைக்கு நாள்தோறும் 400 ஐ.யு. சொட்டு மருந்து கொடுப்பதே எளியது. தாய் தன் அளவான மாத்திரையைத் தொடரலாம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 400 உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் புட்டியின் எண்ணைப் படித்து, எத்தனை மில்லி என்பதை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் அப்பாவோ ஆத்தாவோ அத்தையோ, யாராக இருந்தாலும் அதைப் படித்துச் சரியாகக் கொடுக்க முடியும்.